பாலியேட்டிவ் கேர் (கடுமையான நோய்ல வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற சிகிச்சை) ஆரம்பிக்க டாக்டர் தேடுறீங்களா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ஆஸ்பத்திரி நடத்துறவங்க டாக்டரைத் தேடுறதுக்கு முன்னாடி மேனேஜ்மென்ட்கிட்ட ஒரு நர்ஸ், ஒரு சோஷியல் வொர்க்கர், தனி ஓபி ரூம் இதெல்லாம் எழுத்துல வாங்கிடுங்க, ஏன்னா நல்ல டாக்டர் முதல்ல கேக்கப்போறதே இதைத்தான்.

அடுத்தது மார்ஃபின், அதாவது கடுமையான வலிக்குக் குடுக்குற மருந்து. 2014ல என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம், அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரி மார்ஃபின் ஸ்டாக் வைக்கலாம், அந்த அங்கீகாரத்துக்கு வலி நிவாரணத்துல ட்ரெயினிங் எடுத்த டாக்டர் வேணும், அதனால ஆளை எடுக்குறதும் இந்த வேலையும் சேர்ந்தே நடக்கணும். வலியில துடிக்கிறவருக்கு மார்ஃபின் குடுக்க முடியலன்னா டாக்டர் வந்து என்ன பண்ணுவார் சொல்லுங்க!

பாலியேட்டிவ் மெடிசின்ல எம்டி முடிச்சவங்க ரொம்ப கம்மி, அவங்களுக்காகவே காத்திருக்காதீங்க. மயக்க டாக்டர், ஜெனரல் மெடிசின், ஃபேமிலி டாக்டர் யாரா இருந்தாலும் மனசு இருந்தா போதும், திருவனந்தபுரத்துல பாலியம் இந்தியாங்கற அமைப்பு ட்ரெயினிங் தருது, லீவும் ஃபீஸும் நீங்க குடுங்க.

இன்டர்வியூல சர்டிஃபிகேட்டை சீக்கிரம் பாத்துட்டு வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவர் நோயாளி பக்கத்துல உக்கார்றாரா, குடும்பத்தைப் பேச விடுறாரா, இல்ல ஃபைலை மட்டும் புரட்டுறாரான்னு பாருங்க, எனக்கு இதுதான் முக்கியம். காசிமேடு சந்துக்குள்ள வீடு தேடிப் போய் பாக்குற வேலையும் இருக்குன்னு அப்பவே சொல்லிடுங்க.

சம்பளத்தை எத்தனை பேஷன்ட்னு கணக்குப் போட்டுக் குடுக்காதீங்க, ஒரு குடும்பத்தோட பேசவே ஒரு மணி நேரம் ஆகும்.