ஆர் எல்லாம் எஸ் ஆன கதை

வேலைக்குப் போய்க்கொண்டே கரிம வேதியியலை ஆன்லைனில் படிக்கிறேன். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் இரண்டு மூலக்கூறு வடிவங்களில் ஒன்றுக்கு ஆர், மற்றதற்கு எஸ் என்று பெயர். வாரத் தேர்வில் எது ஆர், எது எஸ் என்று கேட்கும் கணக்குகள் மட்டும் மூன்று வாரமாக மொத்தமும் தப்பு. குத்துமதிப்பாகப் போட்டிருந்தால்கூடப் பாதி சரியாக வந்திருக்கும்!

தண்டையார்பேட்டை வீட்டுக்குள் சிக்னல் மோசம் என்று மொட்டை மாடிக்குப் போய் வீடியோவை மறுபடி பார்த்தேன். ஒரு கார்பனோடு இணைந்த நான்கு தொகுதிகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தும் கான்-இங்கோல்ட்-ப்ரெலாக் விதியைத் திரும்பப் படித்தேன். லாக்டிக் அமிலத்தில் முதலில் ஹைட்ராக்சில், அப்புறம் கார்பாக்சில், மெத்தில், கடைசியாக ஹைட்ரஜன். வரிசை சரிதான்.

கல்லூரியில் இதே பாடம் படிக்கும் தங்கைக்கு எல்லாம் சரியாக வருகிறது. அங்கே மூலக்கூறின் மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் மட்டும் களிமண் உருண்டையும் பல்குச்சியும் வைத்துச் செய்ததை, ஸ்டாண்டில் நிற்கும் போனின் முன் கேமராவில் படமெடுத்து, அதைப் பார்த்து விடை போடுவேன்.

அந்தப் படத்தைப் பார்த்த தங்கை, "அக்கா, காலண்டரைப் பாரு" என்றாள். என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டரில் தேதி, படத்தில் இடவலம் மாறியிருந்தது! போன் படத்தைப் புரட்டிச் சேமித்திருக்கிறது. கண்ணாடிப் பிம்பத்தில் ஆர், எஸ் ஆகிவிடும், பாடமே அதுதானே.

கேமரா அமைப்பில் 'மிரர்' என்பதை அணைத்தேன். இந்த வாரம் எட்டுக்கு எட்டு.