மீன்வளத்தை காப்பாத்தணும்னு கரைக்கு வர்றவங்க பண்ற தவறுகள்

வருஷா வருஷம் ஃபீல்டு ஒர்க்குன்னு ஒரு புது டீம் வருது, பழைய டீம் சறுக்கின அதே இடத்துல இவங்களும் சறுக்குறாங்க. மீட்டிங்கை எத்தனை மணிக்கு வைக்கணும்ங்கிற மாதிரி விஷயமெல்லாம் நாலு நாள்ல தானா புரிஞ்சிடும், அதை விட்டுடறேன்.

கடனை பார்க்காம கண்ணி அளவு பேசறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் இதுதான். ஃபைபர் போட் வச்சிருக்கிறவர்கிட்ட போய் சின்ன கண்ணி வலை வேணாம், குஞ்சு மீன் அழியுதுன்னு சொல்றாங்க, அவரும் தெரியும் சார்ங்கிறார், நிஜமாவே நம்மள விட நல்லா தெரியும், ஆனா அந்த வலைக்கு பணம் போட்டது யாரு? வியாபாரி. இன்ஜின் ரிப்பேர், பொண்ணு கல்யாணம், மீன் படாத மாசத்து வீட்டுச் செலவு, எல்லாத்துக்கும் ராத்திரி போன் அடிச்சா குடுக்கிறது அவர்தான். பதிலுக்கு மீன் அவருக்கு மட்டும்தான் போகணும். போட் கரை ஏறினதும் நின்னு பாருங்க, கூடையை கொட்டினவுடனே வியாபாரியோட ஆள் நோட்டுல விலையை எழுதிடுவார், பக்கத்து ஏலத்துல அதே மீன் அதிக விலைக்கு போனாலும் போட்காரரால வாய் திறக்க முடியாது. விலை கம்மின்னா எடையில ஈடுகட்டணும், அப்புறம் குஞ்சும் சேர்ந்துதான் வரும். ஒரு ப்ராஜெக்ட்ல மாசக்கணக்குல போஸ்டர் ஒட்டிட்டு கடைசி ரிப்போர்ட்ல மீனவர்களுக்கு விழிப்புணர்வு கம்மின்னு எழுதிட்டு போனாங்க. அநியாயம்.

அதுக்காக வியாபாரியை வில்லனாக்கிடாதீங்க, அவரை வெட்டிவிட்டா நாளைக்கு எண்ணெய்க்கு யாரு காசு குடுப்பா? கேரளா, கன்னியாகுமரி பக்கம் மீனவர் சங்கங்க சேர்ந்து 1980ல சிஃப்ஸ்னு (தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பு) ஒண்ணு ஆச்சு. அங்க சங்கமே ஏலத்தை பார்த்துக்கும், வித்த பணத்துல ஒரு பகுதி கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிப்பாங்க, மீன் படாத நாள்ல பிடித்தமும் இல்ல. இதனால மட்டும் கடல் நிறைஞ்சிடாது, ஆனா எந்த வலை போடறதுங்கிற முடிவு போட்காரர் கைக்கு வருது.

ஊர் முடிவுன்னா எல்லாரோட முடிவுன்னு நம்பறது

பழவேற்காடு ஏரியில பாடு முறைன்னு ஊர்க்காரங்க வச்சிருக்கிற ஏற்பாடு இருக்கு. இறால் படற இடங்களை தலைக்கட்டு (குடும்பம்) கணக்குல சீட்டு போட்டு முறை வச்சு பிரிச்சுக்குவாங்க, ஒரே இடத்துல எல்லாரும் முட்டி மோத வேண்டியதில்ல. அருமையான ஏற்பாடு. ஆனா அதே ஏரியில கையால தடவி இறால் பிடிக்கிற இருளருக்கு அந்த சீட்டுல இடமில்ல. அவங்களை தனியா போய் பாருங்க.

சட்டம் போட்டாச்சேன்னு நிம்மதியாகறது

மீன் கூட்டத்தையே வளைச்சு அள்ளுற சுருக்குவலைக்கு தமிழ்நாட்டு கடல் எல்லைக்குள்ள 2000லயே தடை வந்தாச்சு. ஆனா ஒரே வலை செட்டுல ஊர்ல பல குடும்பம் பணம் போட்டு பங்கு வச்சிருந்தா யாரு யார் மேல புகார் குடுப்பாங்க?

பெண்களை விட்டுட்டு மீட்டிங் போடறது

போடாதீங்க. எந்த மீன் சைஸ் குறைஞ்சு வருதுன்னு கூடையில வச்சு விக்கிறவங்களை கேளுங்க.