வான விளக்கு விடும்போது தப்பு எங்கே நடக்கிறது?

வான விளக்கு, அதாவது உள்ளே தீ மூட்டிப் பறக்கவிடும் காகித விளக்கு, விடுவதற்காகத் தாய்லாந்தின் சியாங் மாய்க்கோ தைவானின் பிங்ஷிக்கோ போகிறவர்கள் பலரும், பற்றவைத்தால் போதும், விளக்கு தானே ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறாது. உள்ளே இருக்கும் காற்று நன்றாகச் சூடேறி, காகிதம், மூங்கில் வளையம், எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும் அளவுக்கு இலேசாக வேண்டும். அதற்குள் கையை எடுத்தால் விளக்கு ஆள் உயரத்தில் தள்ளாடிச் சாயும், தீ காகிதத்தில் பிடிக்கும். அப்புறம் உங்கள் தலைக்கு மேலே இருப்பது எரியும் காகிதம்தான்.

பிங்ஷியில் ஷிஃபென் தெருக் கடைக்காரர்களைக் கவனியுங்கள். துணி காயப்போடுவதுபோல விளக்கைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, நான்கு பக்கமும் தூரிகையால் வேண்டுதல் எழுத வைப்பார்கள். பிறகு தண்டவாளத்துக்கு நடுவே கூட்டிப்போய், ஆளுக்கொரு மூலையைப் பிடிக்கச் சொல்லிப் பற்றவைப்பார்கள். காகிதம் உப்பி, வளையம் கையை மேல்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பு தெரிந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டோவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றால் விளக்கு அவர் பக்கமே சாயும். இன்னொன்று, அது ரயில் ஓடும் பாதை. ரயில் வரும்போது கடைக்காரர் விலகச் சொன்னால் உடனே விலகிவிடுங்கள். எழுதி முடிக்கிறேன் என்று நிற்க வேண்டாம்.

சியாங் மாயில் வேறு குழப்பம். லோய் கிரதோங் என்ற விழா, மெழுகுவத்தி வைத்த சிறு மிதவையை (கிரதோங்) தண்ணீரில் மிதக்கவிடுவது; யீ பெங் என்ற விழா, வடக்குத் தாய்லாந்தின் லான்னா மரபில் விளக்கேற்றுவது. இரண்டும் ஒரே பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில், வருவதால் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். தேதி சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் மாறும்; போன வருஷத்துத் தேதியைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். விமான நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால் எங்கே, எந்த நேரத்தில் விடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த இரவுகளில் விமானங்கள் ரத்தாவதும் நேரம் மாறுவதும் வழக்கம். திரும்பும் பயணத்தை அன்றைக்கே வைப்பது வீண் தலைவலி.

இணையத்தில் ஒரு பாக்கெட் வாங்கி வீட்டு மொட்டைமாடியில் விடலாம் என்று தோன்றுகிறதா? ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்தில் 2020 புத்தாண்டு இரவில், தடை இருந்தும், இப்படி விட்ட விளக்கால் விலங்குக்காட்சிசாலையில் குரங்குகள் இருந்த கட்டடம் எரிந்தது. 30க்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தன. விட்டவர்களுக்கு அது எங்கே இறங்கும் என்று தெரியாது, யாருக்கும் தெரியாது. காகிதம்தானே, மக்கிப்போகும் என்பதும் பாதி உண்மைதான். உள்ளே கம்பி வைத்த விளக்கு வயலில் விழுந்தால் மாடு புல்லோடு சேர்த்து அதையும் தின்றுவிடும்.

அனுமதித்த இடத்தில்கூட, மர இலைகள் ஆடும் அளவுக்குக் காற்று இருந்தால் விடாதீர்கள். அன்று சியாங் மாயில் இருந்தால் பிங் ஆற்றுக்குப் போய் ஒரு கிரதோங் விடலாம். வாழைத்தண்டுத் துண்டின் மேல் பூ, ஊதுபத்தி, மெழுகுவத்தி வைத்து விற்பார்கள். தெர்மோகோல் அடி வைத்தது கண்ணில் பட்டால் அதை வாங்காதீர்கள்.