மூன் நைட்: கடவுளையும் நோயையும் பிரித்து வாசிக்கும் முறை

மார்வெல் நிறுவனத்தின் மூன் நைட் காமிக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: கோன்ஷு என்கிற நிலாக் கடவுள் உண்மையிலேயே இருக்கிறாரா, இல்லை எல்லாம் மூன் நைட்டாக முகமூடி அணியும் மார்க் ஸ்பெக்டரின் மனநோயா? இந்த "இல்லை"தான் வாசிப்பைக் கெடுக்கிறது. கடவுளும் இருக்கலாம், நோயும் இருக்கலாம். ஒன்றை வைத்து மற்றதற்கு விளக்கம் சொல்லாமல், இரண்டையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும்.

எல்லா இதழ்களையும் படிக்க வேண்டியதில்லை. 27 போதும்: டக் மென்ச் எழுதி பில் சின்கெவிச் வரைந்த 1980ஆம் ஆண்டுத் தொடரின் முதல் இதழ், வாரன் எல்லிஸ், டெக்லன் ஷால்வி கூட்டணியின் 2014ஆம் ஆண்டு இதழ்கள் 6, ஜெஃப் லெமிர், கிரெக் ஸ்மால்வுட் 2016இல் தொடங்கிய தொடரின் 14, ஜெட் மெக்கே எழுதி அலெஸாண்ட்ரோ கப்பூச்சியோ வரைந்த 2021ஆம் ஆண்டுத் தொடரின் முதல் 6. இந்த வரிசையிலேயே படியுங்கள்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். இரண்டாவது வாசிப்பில் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கடவுளுக்கு, வலப்பக்கம் மனதுக்கு. ஒவ்வொரு குறிப்புக்கும் இதழ் எண்ணும் பக்க எண்ணும் கட்டாயம். பிறகு கட்டுரை எழுதும்போது "எங்கேயோ பார்த்தேனே" என்று தேடினால் கிடைக்காது.

இடப்பக்கம்: எகிப்திலிருந்து வந்தது எது, காமிக்ஸ் சேர்த்தது எது

கதாபாத்திரம் 1975இல் "வேர்வுல்ஃப் பை நைட்" 32ஆம் இதழில் அறிமுகமானபோது கோன்ஷு கிடையாது. ஓநாய் மனிதனைப் பிடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன், கையில் வெள்ளி ஆயுதம், அவ்வளவுதான். சாகக் கிடந்த மார்க் கோன்ஷு சிலையின் காலடியில் உயிர்பெறும் காட்சி 1980இல்தான் வருகிறது. ஆகவே 1975 அறிமுகத்திலிருந்தே எல்லாம் திட்டமிட்ட குறியீடு என்று எழுதினால் அது தவறு.

காமிக்ஸின் கோன்ஷுவுக்கு மூலமான கோன்ஸு, பழைய எகிப்தில் தீப்ஸ் நகரத்து மூன்று தெய்வங்களில் ஒருவர். தந்தை ஆமுன், தாய் முத். அங்குள்ள கர்னாக் கோயில் வளாகத்தில் அவருக்குத் தனிக் கோயில் உண்டு. மூன்றாம் ராம்செஸ் மன்னர் காலத்தில் கட்டத் தொடங்கியது. பெயருக்குப் பொருள் "கடந்து செல்பவர்", அதாவது இரவு வானத்தைக் கடக்கும் பயணி. எல்லிஸ் தொடரிலும் மெக்கே தொடரிலும் "இரவுப் பயணிகளைக் காப்பவன்" என்று வரும் இடமெல்லாம் இந்தப் பெயரின் நிழல்தான். அவற்றைத் தவறாமல் குறியுங்கள்.

உருவத்தை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். எகிப்தியச் சிற்பங்களில் கோன்ஸு இரண்டு விதமாக வருவார்: மம்மிபோல் துணி சுற்றிய உடலும் தலையின் ஒரு பக்கத்தில் தொங்கும் குழந்தைச் சடையும் கொண்ட இளைஞராக, அல்லது பருந்துத் தலையோடு. இரண்டிலும் உச்சியில் பிறைமேல் முழுநிலாவட்டம் அமர்ந்திருக்கும். 2014 தொடரிலோ அவர் வெள்ளை கோட்டு சூட்டு போட்ட உடல்மேல் நீண்ட அலகுள்ள பறவை மண்டையோடு. பருந்தின் அலகு குட்டையானது, கொக்கிபோல் வளைந்தது. அந்த நீண்ட அலகைப் பார்த்துவிட்டு "எகிப்தியர்கள் இப்படித்தான் வணங்கினார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். குழந்தைச் சடை வைத்த ஒரு தெய்வத்தைக் காமிக்ஸ் எலும்பாக்கியிருக்கிறது. குறிப்பில் எழுத வேண்டியது அந்த மாற்றத்தை.

இன்னும் முக்கியமானது கடவுளின் குணம். காமிக்ஸ் கோன்ஷு பழிவாங்கச் சொல்பவர், ரத்தம் கேட்பவர். இதற்கு வேர் இல்லாமல் இல்லை: சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவரில் உள்ள பாடலில், மன்னருக்காகத் தெய்வங்களின் கழுத்தை அறுப்பவராக கோன்ஸு வருகிறார். ஆனால் பிற்காலத்தில் அவர் நோய் தீர்ப்பவராகவும் இருந்தார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பென்ட்ரெஷ் கல்வெட்டு சொல்லும் கதை இது: பெக்தென் நாட்டு இளவரசியை ஓர் ஆவி பிடித்துக்கொள்கிறது. எகிப்திலிருந்து கோன்ஸுவின் சிலையை அனுப்புகிறார்கள். ஆவியோடு சண்டை எதுவும் நடப்பதில்லை. அது பணிகிறது, தனக்கு ஒரு விருந்து நாள் வேண்டும் என்று கேட்கிறது, விருந்து முடிந்ததும் அமைதியாகப் போய்விடுகிறது. அந்த நாட்டு அரசனுக்குச் சிலையைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் மூன்று ஆண்டு ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறான்.

உள்ளே புகுந்த இன்னொருவரோடு பேசி, அவர் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்டு அமைதிப்படுத்தும் கடவுள். அந்தக் கடவுளைத்தான் மார்க்கிடம் கொலைவெறியராக அனுப்பியிருக்கிறார்கள். இடப்பக்கத்தில் தனியாக ஒரு வரி விட்டு, குணப்படுத்தும் கோன்ஸு கதையில் எங்காவது தலைகாட்டுகிறாரா என்று தேடுங்கள். அபூர்வமாகத்தான் கிடைப்பார், அந்த இல்லாமையையும் குறியுங்கள்.

வலப்பக்கம்: மனம்

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். மார்க்குக்குச் சொல்லப்படும் நோய் டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர், சுருக்கமாக டி.ஐ.டி. மனநோய்களை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் 1980இல் இது "மல்டிபிள் பர்சனாலிட்டி" என்றிருந்தது. 1994இல் இப்போதைய பெயர் வந்தது. இது மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) அல்ல. "ஸ்பிளிட் பர்சனாலிட்டி" என்று போகிறபோக்கில் சொல்வதால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மனச்சிதைவில் ஆளுமை பலவாகப் பிரிவதில்லை. நடப்பை உணரும் விதமும் சிந்தனையின் ஒழுங்கும் குலைகின்றன.

வலப்பக்கத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். ஒன்று, நினைவு விட்டுப்போகிறதா? இது நோயின் முக்கியமான அடையாளம். காமிக்ஸில் இது பெரும்பாலும் வசனத்தில் இருக்காது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் இருக்கும். முந்தைய கட்டத்தில் ஓர் இடம், அடுத்ததில் வேறு இடம், நடுவில் என்ன நடந்தது என்று நமக்கும் தெரியாது, மார்க்குக்கும் தெரியாது. இரண்டு, எந்த நெருக்கடியில் ஆள் மாறுகிறார்? மூன்று, வந்தவர் எந்த வேலையைச் செய்கிறார்? கோடீஸ்வரர் ஸ்டீவன் கிராண்டும் டாக்ஸி ஓட்டுநர் ஜேக் லாக்லியும் சும்மா வருவதில்லை. மார்க்கால் தாங்க முடியாத, அல்லது செய்ய முடியாத ஒன்றை ஏற்றுக்கொள்ள வருகிறார்கள்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். ஆரம்பத்தில் ஸ்டீவனும் ஜேக்கும் வேஷங்கள் மட்டுமே. பணக்காரர் வட்டத்தில் ஒருவர், தெருவில் ஒருவர் என்று தகவல் சேகரிக்க மார்க் தெரிந்தே போட்டுக்கொண்ட வேஷம். நோயாக அது மாறியது பின்னால் வந்த எழுத்தாளர்களால். 1980 இதழை டி.ஐ.டி. சித்திரிப்பாக வாசித்தால் கதையில் இல்லாததைக் கதையில் ஏற்றுகிறீர்கள். இன்னொரு சறுக்கல், 2022ஆம் ஆண்டு டிவி தொடரைக் கலந்துவிடுவது. அதில் வரும் அருங்காட்சியகக் கடை ஊழியர் ஸ்டீவனும் அம்மாவின் கொடுமையும் அந்தத் தொடருக்கு உரியவை. அவற்றை எழுத வேண்டுமானால் தனித்தாளில் எழுதுங்கள்.

லெமிர் தொடரில் வலப்பக்கம் வேகமாக நிரம்பும். மார்க் மனநல விடுதியில் கண்விழிக்கிறார். முகமூடி போட்டுப் பார்த்தால் காவலர்கள் நரித்தலைக்காரர்களாகவும் மருத்துவர், இறந்தவரின் இதயத்தை விழுங்கும் அம்மிட்டாகவும் தெரிகிறார்கள். நடுப்பகுதியில் ஆளுக்கு ஓர் ஓவியர்: ஸ்டீவனுக்கு வில்ஃப்ரெடோ டோரஸ், ஜேக்குக்கு ஃபிரான்செஸ்கோ ஃபிரான்கவில்லா. யார் முன்னால் நிற்கிறார் என்பதைக் கோடும் வண்ணமும் சொல்லிவிடுகின்றன. ஒன்றை மட்டும் கண்டிப்போடு குறியுங்கள்: மருத்துவரை அரக்கியாகக் காட்டுவது கதைக்கு வலு, நோயாளிக்குச் சுமை. சிகிச்சையே பகை என்ற எண்ணத்தை அது ஊட்டுகிறது. நிஜத்தில் டி.ஐ.டி. சிகிச்சை பாதுகாப்பையும் நிதானத்தையும் உண்டாக்குவதில் தொடங்கி, அதன் பிறகே பழைய காயங்களைத் தொடுகிறது. படிக்கும்போது உங்களுக்கே இப்படி நேரம் விட்டுப்போவதாகத் தோன்றினால், காமிக்ஸை அளவுகோலாக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் உரசும் இடங்கள்

மூன்றாவது வாசிப்பு இதற்காக மட்டும். எல்லிஸின் முதல் இதழில் ஒரு மருத்துவர், உனக்கு டி.ஐ.டி. இல்லை, மிகப் பழைய ஒரு பிரக்ஞை உன் மூளையில் குடியேறியிருக்கிறது என்கிறார். கடவுளைக் காப்பாற்ற நோயை அழிக்கும் வரி அது. அதே இதழ்களில் வண்ணம் தீட்டிய ஜோர்டி பெல்லெர் செய்ததைப் பாருங்கள்: சுற்றியுள்ள உலகத்துக்கெல்லாம் நிறம் உண்டு, மூன் நைட்டுக்கு மட்டும் இல்லை, வெறும் கறுப்புக் கோடும் காகிதத்தின் வெள்ளையும். இவன் இந்த உலகத்தோடு ஒட்டவில்லை என்பதைக் கடவுளாகவும் வாசிக்கலாம், விலகிப்போன மனமாகவும் வாசிக்கலாம். மருத்துவரின் வசனம் மூடிய கதவை வண்ணம் திறந்து வைக்கிறது.

மெக்கே தொடரில் இரண்டு சாட்சிகள். ஒருவர் மனநல ஆலோசகர் ஆண்ட்ரியா ஸ்டெர்மன். அவர்முன் உட்கார்ந்து மார்க் பேசுகிறார், மருத்துவர் அரக்கி ஆகவில்லை. மற்றவர் டாக்டர் பத்ர். பெயருக்கு அரபியில் முழுநிலா என்று பொருள். அவரும் கோன்ஷுவின் சேவகர்தான், ஆனால் அவருக்குள் ஸ்டீவனும் ஜேக்கும் இல்லை. ஒரே கடவுள், இரண்டு சேவகர்கள், ஒருவருக்கு மட்டும் நோய். நோய்க்குக் காரணம் கடவுள்தான் என்ற வாதம் இங்கே நிற்காமல் போகிறது.

டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்பின் ஒரு வரியும் இங்கே உதவும். சில பண்பாடுகளில் இந்த நிலையை ஆவி பிடித்த அனுபவமாகச் சொல்வதுண்டு என்று அது ஏற்கிறது. கூடவே, பரவலாக ஏற்கப்பட்ட சமய வழக்கத்தின் பகுதியாக இருந்தால் அது நோயல்ல என்றும் வரம்பு வைக்கிறது. மார்க்கைச் சுற்றி கோன்ஷுவை வணங்கும் ஊர் இல்லை, உறவு இல்லை, தனியாகத் தாங்குகிறார்.

கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு சோதனை. "கோன்ஷு" என்ற சொல் வரும் வாக்கியங்களையெல்லாம் மறைத்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள். மார்க்கின் நோயைப் பற்றி நீங்கள் சொன்னது தன் காலில் நிற்கிறதா? அடுத்து நோயைப் பற்றியவற்றை மறைத்து, கடவுளைப் பற்றியதைப் படியுங்கள். எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கத்துக்கான இதழ்களை மறுபடி எடுங்கள்.