டாக்டர் 'ஸ்டேபிள்' என்று சொன்னால் என்ன கேட்க வேண்டும்

காலை ரவுண்ட்ஸ் முடிந்து வெளியே வரும் டாக்டர் "ஸ்டேபிளாக இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார். வாசலில் நிற்பவர்கள் உடனே போனை எடுத்து "அப்பா தேறிட்டாராம்" என்பார்கள். ஐசியூ செவிலியராக 22 வருடத்தில் இதை எத்தனை முறை பார்த்திருப்பேனோ! ஸ்டேபிள் என்றால் முன்பு இருந்தபடியே இருக்கிறார், அவ்வளவுதான். நேற்று வென்டிலேட்டரில் மோசமாகக் கிடந்தவர் இன்றும் அதே மோசத்தில் இருந்தாலும் ஸ்டேபிள்தான். மறுநாள் ஏதாவது ஆகிவிட்டால் "நல்லா இருக்கார்னு சொன்னீங்களே" என்று சண்டை வரும். பாவம், இரண்டு பக்கமும் யாரும் பொய் சொல்லவில்லை.

அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும், "நேற்றைவிடப் பரவாயில்லையா, அப்படியேதானா, மோசமா?" என்று கேட்டுவிடுங்கள். 'பாசிட்டிவ்' இன்னொரு வம்பு. ரத்தக் கல்ச்சர் பாசிட்டிவ் என்றதும் கும்பிட்டு நன்றி சொன்ன ஒரு அம்மாவிடம், கிருமி இருக்கிறது என்று அர்த்தம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

டாக்டர் பேசி முடித்ததும், புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "கிட்னி வேலை செய்யவில்லை, அதனால் டயாலிசிஸ். உடம்பு ஏற்கிறதா என்று பார்க்கப்போகிறீர்கள். சரியா டாக்டர்?" தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். நோயாளியைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

தனியாகப் போகாதீர்கள். என் அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு என்று ஒரு டாக்டர் சொன்னபோது, அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. அவர் பாக்கெட்டில் மூடி இல்லாத பேனா இருந்தது மட்டும் ஞாபகம். தினமும் இதே பேச்சைக் கேட்கிற எனக்கே அந்தக் கதி! என் தம்பி மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்திருந்தான், பிழைத்தோம்.

கேட்க வேண்டியதில் முக்கியமானதை முதலில் கேளுங்கள். 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருக்கிறார். குடும்பத்தில் ஒருவரே பேசுவது நல்லது. ஐந்து பேர் கேட்டால் ஐந்து பதில் வரும்.

கோபம் வரும். பெரும்பாலும் அது பயம்தான். கத்தினால் டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கிவிடுவார். "பயமாக இருக்கிறது டாக்டர்" என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நேரமில்லை என்றால் "எத்தனை மணிக்கு வந்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்களிடமும் கேட்கலாம். ராத்திரி தூங்கினாரா, காய்ச்சல் இறங்கியதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, எல்லாம் சொல்வோம். "பிழைப்பாரா சிஸ்டர்?" என்று மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். வேண்டுமானால் கூட வந்து நிற்கிறோம்.