டிஎஸ்எஸ் யூசேஜ் அளக்கப் போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

வேலூர் பக்கம் எம்பிஏ ப்ராஜெக்ட்னா ஆம்பூர் ஷூ கம்பெனி, இல்லன்னா ராணிப்பேட்டை டேனரி. அங்க மேனேஜ்மென்ட்ல டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம் (டிஎஸ்எஸ், அதாவது மேனேஜர் முடிவு எடுக்க உதவற சாஃப்ட்வேர்) எவ்ளோ யூஸ் ஆகுதுன்னு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பிட்டு, வந்தத வெச்சு சார்ட் போட்டுடறாங்க.

மொத தப்பு, எது டிஎஸ்எஸ்னே பாக்காம சம்பள பில் சாஃப்ட்வேர், அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாத்தையும் சேத்துக்கறது. 1971ல கோரி, ஸ்காட் மார்ட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இந்த பேர வெச்சதே, கணக்கு மட்டும் போட்டா பத்தாது, மேனேஜரும் யோசிக்கணும்ங்கற மாதிரி முடிவுகளுக்குத்தான். பிஎஃப் பிடிக்கறதுல யோசிக்க இன்னா இருக்கு?

அடுத்து, யார் எத்தன தடவ லாகின் பண்ணாங்கன்னு எண்ணி அதையே யூசேஜ்னு எழுதறது, பெரிய வில்லங்கமே இதான். டேனரில தோல் வாங்கறத எடுத்துக்குங்க, ஸ்டாக்கு, ஆர்டர், ரேட்டு எல்லாம் பாத்து சிஸ்டம் இவ்ளோ வாங்குன்னு சொல்லுது, ஆனா ஓனர் கம்ப்யூட்டர்ல கையே வெக்க மாட்டார், ஆபீஸ் பையன் பிரிண்ட் எடுத்து டேபிள்ல வெப்பான், அத பாத்துட்டு மண்டிக்கு போன் போடுவார். லாக்ல பையன்தான் ஹெவி யூசர், முடிவு எடுக்கறவர் சைபர்!

சரி, ஆளையே கேட்டுடலாம்னா அதுவும் உதைக்குது. 1995ல ஸ்ட்ராப்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் வாய்ஸ்மெயில் யூசேஜ ரெண்டு விதமாவும் அளந்தாங்க, ஆளுங்க வாயால சொன்னதும் கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்சதும் சரியா ஒத்துப்போகல. இங்க பக்கத்துலயே மேனேஜர் வேற நிப்பாரு, எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சுதான் போடுவாங்க.

அதனால கடைசியா போட்ட பத்து பர்ச்சேஸ் ஆர்டர கேட்டு வாங்குங்க. சிஸ்டம் சொன்ன நம்பர், உண்மைல ஆர்டர் போட்ட நம்பர், மாத்துனா ஏன்னு மூணு கட்டம் போட்டு எழுதுங்க. பக்ரீத் முடிஞ்சா தோல் வரத்து எகிறும், ரேட்டு இறங்கும், சிஸ்டத்துல அது ஏறலன்னா ஓனர் நம்பர மாத்தத்தான் செய்வார். இத "யூஸ் பண்ணல"ன்னு எழுதிடாதீங்க, பாத்துட்டுதான் மாத்தறார். கண்ண மூடிட்டு அப்டியே கையெழுத்து போடறவர விட இவர்தான் நல்லா யூஸ் பண்றார்னு நான் சொல்லுவேன்.

ஒரு சிஸ்டம் உபயோகமா, ஈஸியா இருக்குன்னு தோணுனா ஆளுங்க யூஸ் பண்ணுவாங்கன்னு சொல்றது 1989 டேவிஸ் மாடல். அதோட கேள்விய காப்பி அடிக்கறவங்க, அந்த சிஸ்டம் கட்டாயமா, இஷ்டமான்னு கேட்டுக்குங்க. கட்டாயம்னா, "ஈஸியா இருக்கு, அதனால யூஸ் பண்றாங்க"ன்னு முடிவுக்கு வர முடியாது. அப்புறம் ஒரு கம்பெனிக்கு ஒரே ஆள், அதுவும் ஹெச்ஆர் மட்டும் ஃபில் பண்ண ஃபார்ம வெச்சு மொத்த கம்பெனியும் இப்டின்னு எழுதாதீங்க, பர்ச்சேஸ்லயும் ப்ரொடக்ஷன்லயும் ஆளுக்கு ஒருத்தர புடிங்க.