ஹலோஜன் குமிழின் கண்ணாடியைத் தொடாதீர்கள்

வான், மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்குக்கு ஹலோஜன் குமிழ் மாற்றும்போது உலோக அடிப்பகுதியை மட்டும் பிடித்து மாட்டுங்கள். கண்ணாடியில் விரல் பட்டுவிட்டால், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, நன்கு காயவிட்டுப் பொருத்துங்கள்.

அந்தக் கண்ணாடி குவார்ட்ஸ். எரியும்போது 250 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். வியர்வை உப்பிலுள்ள சோடியம் அந்தச் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துவிடும். விரல் பட்ட இடம் வெண்மையாகப் பூத்துப் பலவீனப்படும், சிலவேளை புடைத்தும் நிற்கும். உள்ளே டங்ஸ்டன் இழை நன்றாகவே இருக்கும், ஆனால் குமிழ் வீண். மட்டக்களப்பு வெக்கையில் வியர்க்காத கை யாருக்கு இருக்கிறது?

எல்ஈடிக்கும் வீட்டில் எரியும் பழைய இழைக் குமிழுக்கும் இந்தக் கவனம் தேவையில்லை.